வரிபோட்ட ஏஞ்சலுக்கு ஒரு வீடு

அன்புள்ள பவித்ராவுக்கு,

அத்தை எழுதுவது. உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அப்பா இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கித் தரப்போகிறார், அதில் நான்கு ஏஞ்சல் மீன் விடலாமா என்று கேட்டிருந்தாய். கடையில் தங்க நிறம், கரி நிறம், ஆரஞ்சுத் திட்டு என்று விதவிதமாக இருக்கும்போது, அத்தை வீட்டில் மட்டும் ஏன் கறுப்பு வரி போட்ட வெள்ளி நிற ஏஞ்சல் என்றும் கேட்டிருந்தாய். கடைசி வரியில், காட்டு ஆற்றில் இருக்கும் மீனைப் பிடித்துவந்து கண்ணாடிக்குள் வைப்பது பாவமில்லையா என்று ஒரு கேள்வி. அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

முதலில் அப்பாவிடம் சொல்: தொட்டியை இப்போது வாங்க வேண்டாம். இருவரும் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

போன மே மாதம் நீ இங்கே வந்திருந்தபோது, நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து கூடத்து விளக்கைப் போட்டுவிட்டு, "அத்தை, மீனுக்குக் கோடெல்லாம் அழிஞ்சுபோச்சு" என்று என்னை எழுப்பினாயே, நினைவிருக்கிறதா? இருட்டில் அந்த வரிகள் மங்கிவிடும். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. நீ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எண்ணினாய். கண்ணின் வழியாக ஒன்று. வயிற்றுக்கு நேரே ஒன்று. முதுகுத் துடுப்பின் உச்சியிலிருந்து அடித்துடுப்பின் நுனிவரை அகலமாக ஒன்று. வால் தொடங்கும் இடத்தில் ஒன்று. ஏன் எல்லாக் கோடும் மேலிருந்து கீழாகவே இருக்கிறது, வரிக்குதிரைக்கு இருக்கிற மாதிரி என்று கேட்டாய். தூக்கக் கலக்கத்தில் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

பிரேசிலில் ரியோ நெக்ரோ என்று ஓர் ஆறு ஓடுகிறது. கறுப்பு ஆறு என்று பொருள். மனாவ்ஸ் என்ற பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் அது சொலிமோயின்ஸ் ஆற்றோடு சேர்கிறது. கரிய நீரும் மண் கலங்கிய நீரும் கலக்காமல் பல கிலோமீட்டர் பக்கம் பக்கமாக ஓடும் இடம் அது. படகிலிருந்து பார்த்தால் கறுப்பாகத் தெரியும் அந்த நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு பார்த்தால் பால் விடாத தேநீர் மாதிரி இருக்கும். காட்டு மரங்களின் இலையும் பட்டையும் காலகாலமாக ஊறி இறங்கிய சாயம் அது. அங்கே மண் வெறும் மணல். சுண்ணாம்போ உப்போ தண்ணீரில் கரைய அதிகம் இல்லை. அதனால் அந்த நீர் ஏறக்குறைய மழைநீர் போல மென்மையானது. புளிப்பும் உண்டு, பி.எச். 4-லிருந்து 5-க்குள் இருக்கும்.

ஆண்டுதோறும் வெள்ளம் வரும்போது மனாவ்ஸ் பக்கத்தில் அந்த ஆறு சுமார் 10 மீட்டர் உயர்கிறது. மூன்று மாடி உயரம். கரையோரக் காடு மாதக்கணக்கில் தண்ணீருக்குள் நிற்கிறது. மரத்தின் அடிப்பகுதி, வேர், தொங்கும் கொடி, விழுந்த கிளை எல்லாவற்றுக்கும் நடுவே மீன்கள் திரிகின்றன. அந்த இடுக்குகளில்தான் ஏஞ்சலும் இருக்கிறது. தட்டு மாதிரி தட்டையான உடம்பு இரண்டு கிளைகளுக்கு நடுவே நழுவிப் போவதற்கு வசதி. மேலிருந்து இறங்கும் வெளிச்சமும் வேர்களின் நிழலும் செங்குத்துக் கோடுகளாக விழும் அந்த இடத்தில், செங்குத்து வரி போட்ட மீன் அசையாமல் நின்றால் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. இரவில் நிழலே இல்லாதபோது வரிக்கு வேலை இல்லை, மங்கிவிடுகிறது.

அதனால்தான் நான் அந்த வரியை விட்டுக்கொடுப்பதில்லை. தங்க ஏஞ்சலையும் கறுப்பு ஏஞ்சலையும் வளர்க்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தெடுத்த நிறங்கள் அவை. அதற்குப் பொறுமையும் திறமையும் வேண்டும். ஆனால் நீளத் துடுப்புக்காக வளர்த்த வகைகள் சில, துடுப்பின் பாரத்தைத் தூக்கிக்கொண்டு நீந்தத் திணறுவதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. வரிபோட்ட மீனைப் பார்க்கும்போது நான் பார்க்காத ஒரு காடு கண்முன்னால் வருகிறது. எனக்கு அதுதான் வேண்டும்.

விஞ்ஞானிகள் இந்த மீன்களுக்கு வைத்த பெயர் டெரோஃபில்லம். சிறகு, இலை என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்தது. இதில் மூன்று இனங்கள் உண்டு. நீ கடையில் பார்ப்பதெல்லாம் ஸ்கலாரே வழி வந்தவை; 1823-இலேயே விவரித்து எழுதப்பட்ட இனம் அது. ஓரினோகோ ஆற்றின் மேற்பகுதியிலும் ரியோ நெக்ரோவின் மேற்பகுதியிலும் இருக்கும் ஆல்டம் இன்னும் உயரமானது. துடுப்பு நுனி முதல் நுனிவரை ஓர் அடிக்குமேல்கூட வளரும், நெற்றியில் மூக்குக்கு மேலே ஒரு பள்ளம் இருக்கும். மூன்றாவது லியோபோல்டி, மூன்றிலும் சிறியது. பெல்ஜியம் அரசர் மூன்றாம் லியோபோல்டின் பெயரைத் தாங்கியது. பிரேசில்காரர்கள் ஏஞ்சலைக் கொடி மீன் என்ற பொருளில் அக்காரா பண்டெய்ரா என்கிறார்கள். எனக்கு ஆங்கிலப் பெயரைவிட அது பிடிக்கும். துடுப்பை விரித்துக்கொண்டு நிற்கும்போது அப்படியே கொடிதான்.

இன்னொரு விஷயம் உனக்கு வேடிக்கையாக இருக்கும். காந்தி மார்க்கெட்டில் பாட்டி வாங்கும் ஜிலேபி மீன் இருக்கிறதே, அதுவும் ஏஞ்சலும் ஒரே குடும்பம். சிக்லிட் குடும்பம். கேரளத்துக் கரிமீனும் அதே குடும்பம்தான். இந்தியாவில் இயற்கையாகவே வாழும் சிக்லிட் மூன்றே மூன்று. கரிமீன் அதில் ஒன்று. ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தது. பெற்ற குஞ்சைக் கண்ணும் கருத்துமாகக் காப்பது இந்தக் குடும்பத்தின் குணம். அதைப் பிறகு விவரமாகச் சொல்கிறேன்.

இப்போது உன் கடைசிக் கேள்வி. என் தொட்டியில் இருப்பவை ஆற்றில் பிடித்த மீன்கள் அல்ல. சென்னை கொளத்தூரில் சிமெண்ட் தொட்டிகளில் பல தலைமுறையாகப் பெருக்கப்பட்டவை. காட்டு மீனின் உருவமும் வரியும் மாறாமல் இருப்பதால் இவற்றைக் காட்டு வகை என்கிறோம். கடையில் சில்வர் ஏஞ்சல் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஆற்றிலேயே பிடித்து விமானத்தில் ஏற்றி வரும் மீன் வேறு. அது விலையும் அதிகம், ஒட்டுண்ணியோடு வரும், நம் தண்ணீருக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். முதன்முதலாக மீன் வளர்க்கிற யாருக்கும் அதை நான் கொடுக்க மாட்டேன். ஆல்டம் மீனைப் பழக்கத் தெரியாமல் சாகடித்தவர்கள் நிறையப் பேர்.

ஆனால் ஆற்றில் பிடிப்பதே பாவமா என்றால், அதற்குச் சட்டென்று ஆமாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரியோ நெக்ரோ கரையில் பார்செலோஸ் என்று ஓர் ஊர். அங்கே பியாபெய்ரோ எனப்படும் மீனவர்கள் சிறு படகில் போய்க் கைவலையால் அலங்கார மீன் பிடித்துப் பிழைக்கிறார்கள். கார்டினல் டெட்ரா என்ற சின்னஞ்சிறு மீன்தான் முக்கியம். வெள்ளம் வடியும்போது குட்டைகளில் மாட்டிக்கொண்டு ஏராளமான மீன்கள் எப்படியும் சாகின்றன. மீன் விற்றுச் சோறு கிடைக்கிற வரைக்கும் அந்த மக்கள் காட்டை வெட்ட மாட்டார்கள், தங்கம் தோண்டப் போக மாட்டார்கள் என்று பிராஜெக்ட் பியாபா என்ற அமைப்பினர் பல்லாண்டாகச் சொல்லிவருகிறார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். பிடித்த மீனை வழியில் சாகவிடுவதும், வாங்கியவர் தண்ணீரைப் பற்றித் தெரியாமல் சாகவிடுவதும்தான் என்னால் ஏற்க முடியாதவை.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. கல்லூரியில் முதலாண்டு படித்தபோது சேர்த்து வைத்திருந்த காசில் ஒரு சின்னத் தொட்டியும் நான்கு ஏஞ்சலும் வாங்கி வந்தேன். குழாய்த் தண்ணீரை நிரப்பி அன்றே விடலாம் என்று கடையில் சொன்னார்கள், விட்டேன். மூன்றாம் நாள் நான்கும் நீர்மட்டத்தில் வாயை வைத்து மூச்சுக்குத் தவித்தன. செவுள் ரத்தச் சிவப்பாகிவிட்டது. பசியென்று நினைத்து இன்னும் தீனி போட்டேன். ஐந்தாம் நாள் ஒன்றுகூட இல்லை. பாட்டிக்கு நினைவிருக்கும்; நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்த மீன்களைக் கொன்றது என்ன என்று தெரிந்துகொள்ள எனக்கு நான்கு வருடம் ஆனது. உனக்கு ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன்.

மீன் விடும் கழிவு அமோனியா. பெரும்பகுதி செவுள் வழியாகவே வெளியேறுகிறது. அழுகும் தீனியிலிருந்தும் வரும். மிகக் கொஞ்சம் இருந்தாலே செவுளைச் சுட்டுவிடும். ஆற்றில் அது கணக்கில்லாத நீரில் கரைந்து போகிறது. உன் தொட்டியில் போக இடமில்லை. ஆனால் நல்ல வேளையாக அமோனியாவைத் தின்று வாழும் பாக்டீரியா உண்டு. ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு மோசமில்லை, செடிகளும் உறிஞ்சும், மீதியை நாம் வாராவாரம் தண்ணீர் மாற்றி வெளியேற்றலாம். இந்த இரண்டு கூட்டமும் ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் மணலிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை தொட்டியில் மீன் இருக்கக் கூடாது. வெறும் தொட்டியில் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுக விட வேண்டும். சொட்டு மருந்து மாதிரி சோதனைக் குப்பிகள் கடையில் கிடைக்கும். முதலில் அமோனியா ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும், பிறகு இரண்டும் இறங்கி நைட்ரேட் மட்டும் தெரியும். அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டும் நாளில்தான் தொட்டி தயார். உன் அறிவியல் நோட்டில் தேதி போட்டு ஒரு வரைபடம் வரைந்துகொண்டே வா. அந்த வளைகோடுகள் ஏறி இறங்குவதைப் பார்ப்பதும் மீன் வளர்ப்புதான்.

இனி தொட்டி. இரண்டடித் தொட்டி என்று கடைகளில் விற்பது நீளம் இரண்டடி, உயரம் ஒன்றேகால் அடி. ஏஞ்சல் நீளவாட்டில் வளர்வதைவிட உயரவாட்டில் வளர்கிற மீன். நன்றாக வளர்ந்த ஸ்கலாரே உடல் நீளம் 15 செண்டிமீட்டர் இருந்தால், மேல் துடுப்பு நுனியிலிருந்து கீழ்த் துடுப்பு நுனிவரை 20 செண்டிமீட்டரைத் தாண்டும். அந்தத் தொட்டியில் அது திரும்புவதற்குள் துடுப்பு தரையில் உரசும். உயரம் இரண்டடி வேண்டும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம் என்று செய்யச் சொன்னால் சுமார் 250 லிட்டர் பிடிக்கும். தண்ணீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 300 கிலோவைத் தொடும். அதனால் மாடியில் வேண்டாம், கீழ்க் கூடத்தில், சுவர் ஓரமாக, இரும்பு ஸ்டாண்டில், அடியில் தெர்மாகோல் விரித்து வைக்கச் சொல். வெயில் நேராக விழும் ஜன்னல் பக்கம் வேண்டாம், பாசி பிடித்துவிடும். அப்பா செலவைப் பற்றிக் கவலைப்பட்டால், பொங்கலுக்கு உனக்கு நான் எடுக்கப்போகும் துணிக்குப் பதில் கண்ணாடிக்குக் காசு தருகிறேன் என்று சொல். அத்தைக்குச் சம்மதம்.

உள்ளே என்ன வைப்பது? அந்த வரிகளுக்கு ஓர் அர்த்தம் வருகிற மாதிரி வை. பின்பக்கக் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டு. கொல்லையில் வெட்டிப்போட்ட கொய்யாக் கிளை நன்றாகக் காய்ந்திருந்தால் பட்டையை உரித்து, பெரிய அண்டாவில் வெந்நீர் ஊற்றி, தானாக மூழ்கும்வரை வாரக்கணக்கில் ஊறவை. தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு. அந்தக் கிளைகளைப் படுக்க வைக்காதே. காட்டில் வேர் இறங்குகிற மாதிரி நிறுத்தி வை. நடுவே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு இடைவெளி விட்டால் மீன் புகுந்து வரும். தரைக்குச் சலித்துக் கழுவிய மணல் போதும். ஒரு பிடி மணலில் வினிகர் ஊற்றிப் பார். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம். செடியில் அமேசான் ஸ்வோர்ட் அகல இலைக்காரி, வாலிஸ்நேரியா நாடா போல நீர்மட்டம்வரை எழும்பும். இந்த இரண்டே போதும்.

தெருவில் நாட்டு வாதுமை மரம் இருக்கிறதே, நாம் பாதாம் மரம் என்று சொல்வோமே, அதன் இலை சிவந்து காய்ந்து விழும். அந்தச் சருகுதான் இன்று உலகம் முழுவதும் மீன் வளர்க்கிறவர்கள் காசு கொடுத்து வாங்குவது. புகையும் மருந்தும் படாத மரத்தடியில் பொறுக்கி, கழுவி, இரண்டு மூன்று இலை தொட்டியில் போடு. சில நாளில் தண்ணீர் லேசான தேநீர் நிறமாகும். வீட்டுக்கு வருகிறவர்கள் அழுக்குத் தண்ணீர் என்பார்கள், சொல்லட்டும். அந்த நிறத்தில் மீனின் வெள்ளி எப்படி எடுபடுகிறது என்று நீயே பார்ப்பாய்.

தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம். உங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரில் சாதம் வடித்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். அவ்வளவு உப்பு ஏஞ்சலுக்கு உகந்ததில்லை. கொளத்தூரில் பிறந்த மீன் ரியோ நெக்ரோ நீரைக் கேட்காது, பி.எச். 6.5-லிருந்து 7.5-வரை எதுவானாலும் ஏறி இறங்காமல் ஒரே நிலையில் இருந்தால் நன்றாக வாழும். அதனால் பி.எச்.சைக் குறைக்கிறேன் என்று பாட்டில் பாட்டிலாக எதையும் ஊற்றாதே. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் போர்வெல்லைவிட நல்லது, ஆனால் குளோரின் இருக்கும். ஒரு நாள் திறந்த வாளியில் ஏர் பம்ப் ஓடவிட்டு வை, அல்லது கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியை அளவாகப் போடு. இப்போது அங்கே மழைதானே? முதல் இரண்டு மூன்று மழை மாடியைக் கழுவிவிட்டுப் போகட்டும். அதற்குப் பிறகு பெய்வதை மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வையுங்கள். கொசு புகாமல் இறுக்கி மூட வேண்டும். போர்வெல் தண்ணீரில் அதைப் பாதிக்குப் பாதி கலந்தால் உப்பு பாதியாகக் குறையும். ஆர்.ஓ. தண்ணீரையும் இப்படிக் கலந்து பயன்படுத்தலாம், தனியாக மட்டும் வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்று. ஞாயிறு காலை என்று வைத்துக்கொள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவவே கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும். குளோரின் பட்டால் ஆறு வாரம் வளர்த்த பாக்டீரியா ஒரே நாளில் செத்துப்போகும்.

சூடு 26-லிருந்து 28 டிகிரி. திருச்சியில் ஹீட்டர் மார்கழி விடியற்காலைக்குத்தான் தேவைப்படும். பயப்பட வேண்டியது சித்திரை வெயிலுக்கு. தண்ணீர் சூடானால் அதில் ஆக்சிஜன் குறையும். மேல்மூடியைத் திறந்து வலைபோட்டு, நீர்மட்டத்தின்மேல் சின்ன மின்விசிறி ஒன்றைத் திருப்பி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்.

மீன் வாங்கும்போது ஐந்து ரூபாய் நாணய அளவு உடம்புள்ள குட்டிகளாக ஆறு வாங்கு. நான்கு வேண்டாம். இவை கூட்டத்தில் யார் பெரியவர் என்று முட்டிமோதிக்கொள்ளும் மீன்கள். ஆறு இருந்தால் அடி பிரிந்துபோகும், இரண்டு மூன்று என்றால் ஒன்றே எல்லா அடியையும் வாங்கும். துடுப்பு விறைப்பாக விரிந்திருக்க வேண்டும், வரி கோணாமல் இருக்க வேண்டும், கடைக்காரர் தீனி போட்டதும் முன்னால் வர வேண்டும். மூலையில் துடுப்பை மடக்கிக்கொண்டு நிற்கும் மீனைப் பரிதாபப்பட்டு வாங்கி வராதே. தீனிக்குத் தரமான பெல்லட், வாரம் இருமுறை உறைய வைத்த ரத்தப்புழு அல்லது ஆர்ட்டீமியா என்ற சின்னஞ்சிறு உப்புநீர் இறால். சாக்கடையோரம் எடுத்து விற்கும் உயிர்ப்புழு வேண்டவே வேண்டாம், நோயோடு வரும். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, நாளைக்கு இரண்டு வேளை. கூட வளர்க்க அடியில் மேயும் கோரிடோராஸ் ஆறு விடலாம். நியான் டெட்ரா வாங்காதே. ஏஞ்சல் வளர்ந்ததும் அதை ஒரே வாயில் விழுங்கும். டைகர் பார்ப் ஏஞ்சலின் துடுப்பைக் கடித்துக் குதறும்.

எட்டு மாதம், பத்து மாதம் போனதும் ஒருநாள் காலையில் இரண்டு மீன் தொட்டியின் பாதியைப் பிடித்துக்கொண்டு மற்ற நான்கையும் அண்டவிடாமல் துரத்துவதைப் பார்ப்பாய். அதுதான் ஜோடி. எது ஆண், எது பெண் என்று முட்டையிடும்வரை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. என்னிடம் இரண்டு பெண்கள் ஜோடி சேர்ந்து மாறி மாறி முட்டையிட்டதும் உண்டு, அத்தனையும் வெளுத்துப்போனது.

போன ஆவணியில் என் பெரிய தொட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். ஸ்வோர்ட் செடியின் ஓர் இலையை இரண்டும் சேர்ந்து நாள் முழுதும் வாயால் துடைத்தன. நாம் கோலம் போடும் முன் வாசலைக் கூட்டுகிறோமே, அப்படி. சாயங்காலம் பெண் வயிற்றை இலையோடு ஒட்டிக் கீழிருந்து மேலாக நகர்ந்தது. அது போன வழியெல்லாம் மணிமணியாக வரிசை. பின்னாலேயே ஆண் அதே கோட்டில் மேலேறியது. ஒன்றரை மணி நேரத்தில் இலை நிறைந்துவிட்டது. முந்நூறுக்குமேல் இருக்கும். அன்றிரவு முழுக்க இரண்டும் முறைபோட்டுப் பக்கத்துடுப்பால் முட்டைகளுக்கு விசிறின. வெளுத்த முட்டையை மட்டும் தேடித்தேடிப் பொறுக்கின. பூஞ்சை பக்கத்து முட்டைக்குப் பரவும் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மூன்றாம் நாள் காலையில் முட்டை பொரிந்தது. குஞ்சென்று சொல்ல ஒன்றுமில்லை; தலையால் இலையில் ஒட்டிக்கொண்டு வால் மட்டும் துடிக்கும் கொத்து. ஒன்று இலையிலிருந்து பிய்ந்து கீழே விழும். உடனே அப்பாவோ அம்மாவோ பாய்ந்து வாயில் ஏந்திவந்து திரும்ப இலையில் துப்பும். மூக்கை வைத்து அழுத்தி ஒட்டும். அன்று மாலை என்ன தோன்றியதோ, எல்லாக் குஞ்சையும் வாய்வாயாக அள்ளிப் பக்கத்து இலைக்குக் குடிமாற்றின. நான் சமையலை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், பவி. குஞ்சு பொரிந்து ஐந்தாம் நாள், கொத்து கலைந்து புகை மாதிரி எழும்பிப் பெற்றோரைச் சுற்றி நீந்தத் தொடங்கியது.

முதல் இரண்டு தடவை ஜோடி தன் முட்டையைத் தானே தின்றுவிடக்கூடும். அழாதே. மிரண்டாலும் தின்னும், அனுபவம் இல்லாவிட்டாலும் தின்னும். தொட்டியைத் தட்டாமல், இரவில் சட்டென்று விளக்குப் போடாமல், பக்கத்தில் ஒரு மங்கல் விளக்கு எரியவிட்டால் அடுத்த தடவை காக்கும். குஞ்சு நீந்தத் தொடங்கிய அன்று வாயில் பிடிக்கிற அளவு உயிர்த்தீனி வேண்டும். ஒரு லிட்டர் நீரில் 25 கிராம் கல்லுப்பைக் கரைத்து, ஆர்ட்டீமியா முட்டையைப் போட்டுக் காற்றுக் குழாயை விட்டுவை. ஒரே நாளில் பொரியும். அந்த ஆரஞ்சுத் துகளைத் தின்றதும் கண்ணாடி மாதிரி இருக்கும் குஞ்சின் வயிறும் ஆரஞ்சாகத் தெரியும். சாப்பிட்டிருக்கிறது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன்.

ஒன்றை மட்டும் என் கையில் அடித்துச் சத்தியம் செய். மீன் பெருகிவிட்டது, வளர்க்க முடியவில்லை என்றால் காவிரியிலோ கொள்ளிடத்திலோ கோயில் குளத்திலோ விடவே கூடாது. கடையில் டேங்க் கிளீனர் என்று விற்றார்களே, தென்னமெரிக்காவின் கவச மீன், அதை இப்படி விட்டவர்களால்தான் இன்று நம் ஏரி குளங்களில் மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டு அது நிறைந்திருக்கிறது. எத்தனை குஞ்சானாலும் எனக்கு எழுது. நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். ஏஞ்சல் பத்து வருடம் இருக்கும். நீ கல்லூரி முடிக்கும்போதும் இந்த ஆறில் ஏதாவது ஒன்று உன்னைப் பார்த்துத் தீனிக்கு ஓடிவரும்.

ஆக, அரையாண்டுத் தேர்வு முடிகிற வாரம் தொட்டிக்குச் சொல்லுங்கள். மார்கழி இரண்டாவது வாரம் நான் பல்லவன் ரயிலில் வருகிறேன். என் பழைய ஃபில்டரிலிருந்து ஒரு ஸ்பாஞ்சை ஈரத்தோடு, காற்று நிறைந்த பாலித்தீன் பையில் போட்டு எடுத்து வருவேன். ஆறு மணி நேரம் அதிலுள்ள பாக்டீரியா தாங்கும். உன் புது ஃபில்டரில் அதைச் செருகினால் ஆறு வாரம் என்பது இரண்டு மூன்று வாரமாகக் குறையலாம்; எதற்கும் சோதனைக் குப்பியைத்தான் நம்ப வேண்டும். அதற்குள் கொய்யாக் கிளையை ஊறப்போட்டுவிடு. பாதாம் இலை இருபதாவது சேர்த்து வை, செய்தித்தாளுக்கு நடுவே. டிரம்மின் மூடியைத் தினமும் ஒருமுறை பார்.

பாட்டியிடம் என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
அத்தை